ஆராய்ச்சியின் தடமும் நூல்நிலையத்தின் கடனும்

கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்கும் சரிவிலே, செண்பகனூர் என்னும் சிற்றூர் அமைந்துளது. இயேசு சபைத் துறவியர் 1895-ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய திருஇருதயக் கல்லூரியையும், அதனைச் சார்ந்த பொருட்காட்சிச் சாலையையும், ஆர்க்கிடுச் செடிகளையும் காணச் செல்வோர் பலர். கண்டு வியந்து மீள்வதே அவர்தம் வழக்கம். ஆயின், அவ்வூரினின்று தோன்றிய ஆராய்ச்சிகள் எவ்வெந் நூல்களிற் புகுந்தன, எவ்வெவ் வறிஞர்க்குக் கைகொடுத்தன, இன்று அவற்றை எடுத்தாள்வார் யாவர் என்று ஒருவன் வினவுவானாயின், அவனுக்கு விடையிறுத்தற்கு உரியார் யார்? ஆராய்ந்தவர் மறைந்து போயினர். ஆராய்ச்சியைப் பயன்கொண்டவரோ பல நாடுகளிற் சிதறிக் கிடக்கின்றனர். இருவரையும் இணைத்துக் காட்டும் நிலையில் நிற்பது நூல்நிலையம் ஒன்றே. அவ்விடையைத் தேடித் தொகுத்து வைத்தல் அதன் கடன் என்பதே என் கருத்து. நூல்களைப் பூட்டிக் காப்பதும், கேட்டார்க்கு எடுத்துக் கொடுப்பதும் ஆகிய இரண்டோடு அக்கடன் முடிந்ததென்று யான் கருதவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். பழனிமலைச் சாரல்களில் முன்னோர் அமைத்த கற்றிட்டைகள் பல உள. அவற்றை நாடிச் சென்று ஆராய்ந்து ஆங்கிலேட் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் எழுதிய நூலினை, இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையினர் தம் ஆய்வேட்டு வரிசையில் 36-ஆம் எண்ணாக 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மலைக் கற்றிட்டைகளைப் பற்றிப் பின்வந்து எழுதுவார் அந்நூலைத் தொடாது செல்லல் அரிது. எனினும் இக்காலத்து மேற்கோட் கணக்குகளிலே அதனைத் தேடுவார்க்கு ஏமாற்றமே மிகும். அக்கணக்குகள் பெரும்பாலும் சஞ்சிகைக் கட்டுரைகளையே எண்ணுவன. பழைய தொடர் வெளியீடுகளும், இந்திய மொழி நூல்களின் அடிக்குறிப்புகளும் அவற்றின் வலையில் அகப்படுவன சிலவே.

பெயரால் நேரும் இடர் வேறு. அவ்வடிகளார் நூலின் தலைப்பில் மலையின் பெயர் 'புல்னி' என்று ஆங்கில எழுத்துக்களில் அச்சிடப்பெற்றுளது. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்த பைசன் என்னும் தாவரநூற் பேராசிரியர் 1915-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலிலும் 'புல்னி' என்றே உளது. கே. எம். மத்தேயு அடிகளார் 1999-ஆம் ஆண்டில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட பெருநூலிலோ அது 'பல்னி' ஆயிற்று. இக்காலத்தார் பலர் 'பழனி' என்றே ஒலிக்குமாறு எழுதுகின்றனர். செண்பகனூரும் இவ்வாறே ஷெம்பகனூர் என்றும் ஷெண்பகனூர் என்றும் செம்பகனூர் என்றும் பலபடத் திரிந்து கிடக்கின்றது. தமிழில் எழுதுவார்க்கு ஒரே மலை, ஒரே ஊர். கணிப்பொறிக்கோ மூன்று மலை, மூன்று ஊர்! இவற்றையெல்லாம் ஒரு கயிற்றிற் கோத்து, இதுவும் அதுவும் ஒன்றே என்று எழுதி வைக்கத் தக்கார் நூலகரன்றி வேறு யார்?

ஓர் ஆராய்ச்சி பிறருடைய ஆராய்ச்சியிலும் மக்கள் வாழ்விலும் விளைக்கும் பயனை இக்காலத்தார் 'தாக்கம்' என்று கூறுகின்றனர். தாக்குதல் மோதுதற்பொருட்டாதலின் அச்சொல் எனக்கு அத்துணை உவப்பன்று. நல்ல நூல் யாரையும் தாக்கியதாக யான் கேட்டதில்லை. ஆதலின் இக்கட்டுரையில் தடம் என்றே கூறிச் செல்வேன். பொருள் விளங்கினாற் போதும்.

மேற்கோள்களை எண்ணி மதிப்பறிதல் ஏதோ வணிகர் கண்ட சூழ்ச்சி என்று எண்ணுவாரும் உளர். அஃது ஒரு சிறு கலாசாலை நூல்நிலையத்தில், எந்தச் சஞ்சிகையை வாங்குவது எதனை விடுவது என்ற கவலையிலே பிறந்ததாகும். அமெரிக்காவிலே கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கலாசாலையைச் சார்ந்த கிராஸ் என்னும் பெயருடையார் இருவர், அமெரிக்க வேதியியற் கழகத்துச் சஞ்சிகையின் ஓராண்டுத் தொகுதியை எடுத்துக்கொண்டு, அதன் கட்டுரைகள் எவ்வெச் சஞ்சிகைகளை எத்துணை முறை சுட்டுகின்றன என்று எண்ணி, 1927-ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். நம் நாட்டிலோ, சீகாழியிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கலாசாலையிற் கணிதம் பயின்று, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்த எஸ். ஆர். அரங்கநாதன், நூல்நிலையப் பணிகளைக் கணிதமுறையால் அளந்தறியும் கலைக்கு 'லைப்ரமெட்ரி' என்று 1948-ஆம் ஆண்டிலே பெயரிட்டார். கார்பீல்டு என்பார் 1955-இல் ஓர் யோசனையாக எழுதிய மேற்கோள் அடைவு 1964-இல் பெருநூலாய் வெளிவந்தது. அதன் பின்னர் எண்கள் பெருகின. இன்று பலர் நாவிலும் வழங்குவது 2005-ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் வகுத்த எச்-எண் ஆகும். ஒருவருடைய கட்டுரைகளுட் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாது எடுத்தாளப்பெற்றிருப்பின், அவர்க்கு எண் பத்து. கணக்கு எளிது, அதனாலேயே பரவிற்று. ஆயின் வாழ்நாள் முழுதும் உழைத்து ஒரே நூலை எழுதி, அந்நூல் ஆயிரம் இடங்களில் எடுத்தாளப்பெற்றாலும், அவ்வாசிரியர்க்கு இக்கணக்குத் தரும் எண் ஒன்றேயாம். நம் தொல்காப்பியனாரும் இக்கணக்கில் ஒன்றினைக் கடவார் போலும்!

உண்மையில் மேற்கோளின் தடம் பிடித்துச் செல்லுதல் தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று. தகடூர் யாத்திரையும் வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு முழுமையாகக் கிடைத்தில. புறத்திரட்டினைத் தொகுத்தாரும் உரையாசிரியர்களும் எடுத்துப் போற்றிய செய்யுட்களைக் கொண்டே அவை இருந்தன என்றும், கற்றாரால் மதிக்கப்பெற்றன என்றும் அறிகின்றோம். அவ்வாறு மேற்கோள்களிலே மட்டும் உயிர் வாழ்வனவற்றைத் திரட்டி மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் 'மறைந்து போன தமிழ் நூல்கள்' என ஒரு நூலே செய்தார். சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் நூற்பெயர் சுட்டாமலே காட்டிச் சென்ற மேற்கோள்களின் பிறப்பிடம் தேடி எத்துணைப் பாடுபட்டார் என்பது தமிழ் மாணாக்கர் யாவரும் அறிந்ததே. அத்தேட்டமே சங்க நூல்களை அவர் ஆழ்ந்து கற்றற்கு ஒரு பெருங்காரணமாயிற்று. எடுத்தாண்டவன் யாரிடத்துப் பெற்றான் என்பதைக் குறியாது விட்டால் பின்வருவோர் படும் துன்பம் எத்தகையது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி மலைமேல் மீண்டும் ஏறுவோம். செண்பகனூரினின்றும் மேலே சென்றால் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையம், 1899-இல் அமைக்கப்பெற்றது. அங்கு 1909-ஆம் ஆண்டு சனவரியில் ஜான் எவர்ஷெட் என்பார் சூரியப் புள்ளிகளை ஆராயுங்கால், புள்ளியின் நடுவினின்றும் புறநோக்கி வளி பாய்வதனைக் கண்டறிந்தார். இன்று உலகிற் சூரியனை ஆராய்வார் எவரும் அதனை 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குவர். வழங்குவார் அனைவரும் அவருடைய 1909-ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பிற் சுட்டுகின்றனரோ எனின், இல்லை. பெயரே போதுமென்று விட்டுவிடுவார் பலர். கருத்து உலகப் பொதுவாக ஆக ஆக, கணக்கிலே அது குறைந்துகொண்டே வரும் விந்தை இது. அந்நிலையத்திலேயே 1904-ஆம் ஆண்டு முதல் சூரியனைப் படம் பிடித்து வைத்த கண்ணாடித் தகடுகளின் தொகுதியும் உளது. தகடுகளை நாள்தோறும் எடுத்தவர் எந்தக் கட்டுரைக்கும் ஆசிரியரல்லர். ஆயினும் அண்மையில் அவை கணிப்பொறிக்கு ஏற்ப எண்மயமாக்கப்பெற்ற பின்னர், நூறாண்டுக்கு மேற்பட்ட சூரிய வரலாற்றை எழுதுவார்க்கு அவையே கருவூலமாய் விளங்குகின்றன. இப்பயனை எந்த எச்-எண் காட்டும்?

தாவரநூலார் வழக்கமோ இன்னும் நுண்ணியது. ஒரு மலையின் தாவரங்களை விரித்தெழுதுங்கால், ஒவ்வொரு செடிக்கும் தாம் பார்த்த உலர்தாள்களைச் சேகரித்தவர் பெயரோடும் எண்ணோடும், அத்தாள் இருக்கும் நிலையத்தின் எழுத்துக்குறியோடும் சுட்டுதல் மரபு. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் மத்தேயு அடிகளார் 1967-இல் நிறுவிய இராப்பினாத் உலர்தாவர நிலையத்துக்கு ஆர்.எச்.டி. என்பது குறி. புதுச் செடி ஒன்றுக்குப் பெயர் வைத்தவரின் பெயரும் அச்செடிப் பெயரின் பின்னே என்றும் ஒட்டி நிற்கும். பைசன் பெயரிட்ட செடிகளை எவர் எழுதினும் பைசன் பெயரையும் உடன் எழுதுகின்றனர். இவையெல்லாம் மேற்கோள் அல்லவோ? ஆயினும் மேற்கோட் கணக்கர் இவற்றை எண்ணுவதில்லை. பைசனுக்கும் முன்னே பூர்ன் துரையும் அவர் மனைவியாரும் கோடைக்கானற் பக்கத்தில் திரட்டிய தாள்கள் இல்லையேல் பைசன் நூல் அவ்வளவு நிறைவாக அமைந்திராது. பூர்ன், பைசன், ஆங்கிலேட், மத்தேயு என்று ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்ற அவ்வரிசையை இன்று யார் பயன்கொள்கின்றனர்? வேலமரமும் யூகலிப்டசும் பைனும் மூடிக்கொண்ட மலையிலே, எது இம்மலைக்குரிய சோலைமரம், எது அயலிலிருந்து வந்தது என்று பிரித்தறிந்து நாற்று வளர்ப்பார்க்கு அத்தகைய நூலே கண். நாற்றங்காலில் நிகழும் பயனுக்கு அடிக்குறிப்பு ஏது?

ஆவணங்களின் நிலையும் இத்தகையதே. மதுரை மிஷனைச் சார்ந்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் செண்பகனூரிலே திரட்டி வைக்கப்பெற்றன. தமிழ்நாட்டுக் கிறித்தவத்தையும் சாதியையும் பற்றி டேவிட் மாஸ் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூல் அவ்வாவணங்களைத் துணைக்கொண்டதாகும். அந்நூலைப் புகழ்வார் மாஸைப் புகழ்வர், அது முறையே. ஆனாற் பழந்தாளை அடுக்கிப் பட்டியலிட்டு, கரையானுக்குத் தப்புவித்துக் கொடுத்தவரின் தடமும் அந்நூலின் அடிக்குறிப்புகளிலே உளது. கூர்ந்து நோக்குவார்க்கே புலப்படும்.

இதனால் நமக்கு வந்த குறை யாது என்று கேட்பாருளர். குறை பெரிது. 2016-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கத்தார் வெளியிட்டுவரும் கல்வி நிறுவனத் தரவரிசையில், ஆராய்ச்சி வெளியீடுகள் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்னும் இரு பட்டியல்களினின்றும் எண்ணப்பெறுகின்றன. தமிழிலே எழுதப்பெற்ற நூல் எத்துணைச் சிறந்ததாயினும் அவற்றில் ஏறுதல் அரிது. பௌதிக ஆசிரியரையும் தமிழாசிரியரையும் ஒரே தராசில் நிறுத்தி, இவர் எண் இவ்வளவு, அவர் எண் அவ்வளவு என்று கூறுங்காலத்தில், தமிழ்த்துறை தலைகுனிந்து நிற்கின்றது. தலைகுனிவதோடு நில்லாது, எண்ணுக்காக எழுதும் பழக்கமும் நுழைகின்றது. பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் அதனாலேயே கொழுத்தன. சஞ்சிகையின் எண்ணைக் கொண்டு ஆராய்ச்சியாளனை அளத்தல் தகாது என்று 2012-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவிற் கூடிய அறிஞர் அறிக்கை விடுத்தனர். அந்தந்த நாட்டுக்கும் மொழிக்கும் உரிய ஆராய்ச்சியின் மேன்மையைக் காத்தல் வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு லெய்டன் அறிக்கை வற்புறுத்திற்று. அறிக்கைகள் நல்லனவே. ஆயினும் மேலிடத்தார், "நும் ஆராய்ச்சியாற் பயன் யாது? காட்டுக" என்று கேட்குங்கால், "எண்கள் பொய்" என்று மட்டும் விடை பகர்ந்தால் யார் செவி சாய்ப்பார்? எண்ணுக்கு மாறாக வைக்கச் சான்று வேண்டும். அச்சான்றினைத் தேடித் தரும் கைகள் நூல்நிலையத்திலே இருத்தல் வேண்டும் என்கின்றேன்.

அக்கைகள் முதலிற் செய்யத்தக்கது பெயரைச் சீர்ப்படுத்தலே. தமிழர் பெயர்க்கு முன்னே நிற்பது தந்தை பெயரின் தலைப்பெழுத்து. அயல்நாட்டு அடைவுகளோ ஈற்றில் நிற்பதைக் குடிப்பெயர் என்று கொள்வன. தலைப்பெழுத்தை விரித்தெழுதினால் தந்தையே நூலாசிரியராகி விடுகின்றார். நம்மவருள் ஜோசப்புகளும் அந்தோணிகளும் எத்துணையர்! ஒருவர் மூவராய்ப் பிரிவதும், மூவர் ஒருவராய்ச் சேர்வதும் அடைவுகளில் அன்றாட நிகழ்ச்சி. மணமான பின் தலைப்பெழுத்து மாறும் பெண் ஆராய்ச்சியாளர்க்கு இவ்விடர் இருமடங்கு. துறவியர் பெயர்ப் பின்னே வரும் 'சே.ச.' என்னும் சபைக்குறியும் தலைப்பெழுத்தென மயங்கப்பெறலாம். இதற்கென்றே 2012-ஆம் ஆண்டு முதல் 'ஆர்சிட்' என்னும் பதினாறிலக்க எண் விலையின்றி வழங்கப்பெறுகின்றது. எழுதத் தொடங்கும் மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் அதனைப் பெற்றுத் தருதல் நூலகர்க்கு அரைநாள் வேலை. மறைந்த ஆசிரியர்க்கோ அவ்வெண் பெறுதல் இயலாது; அவர்க்கு, எழுதிய பெயர் வடிவங்களையெல்லாம் தொகுத்த ஓர் அட்டை வேண்டும். ஆங்கிலேட் அடிகளார்க்கு அத்தகைய அட்டை ஒன்று எழுதின் எத்துணை நன்று!

அடுத்தது, வருவோரைக் குறித்து வைத்தல். ஆவணமோ உலர்தாளோ பார்க்க வருவாரிடத்து, "இதனைச் சுட்டுங்கால் இன்ன பெயரால், இன்ன எண்ணால் சுட்டுக" என்று ஒரு சீட்டுக் கொடுத்தல் வேண்டும்; எழுதி முடித்தபின் ஒரு படி அனுப்புமாறு கேட்டல் வேண்டும். கேட்டோர் எல்லாரும் அனுப்பார். ஈராண்டு கழித்து ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினாற் பாதிப்பேராவது அனுப்புவர் என்று நம்புகின்றேன். அவ்வாறு வந்தவற்றை ஓரலமாரியில் வரிசைப்படுத்தினால், அவ்வலமாரியே ஆராய்ச்சியின் தடமாகும்; பார்க்க வரும் குழுவினர் முன் அதனைத் திறந்து காட்டலாம். நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் மாறா எண் பெறுதல், கல்லூரிக் களஞ்சியத்தில் ஏற்றுதல் முதலியன யாவரும் அறிந்தனவாதலின் விரிக்கவில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிக்குப் பின், ஷோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் தமிழிலே எழுதப்பெற்ற ஆய்வேடுகளும் ஏறியுள. அவற்றின் ஈற்றிலுள்ள துணைநூற் பட்டியல்களைத் தொகுத்தாலே, எந்தத் தமிழாராய்ச்சி நூல் எத்துணை மாணாக்கர்க்கு உதவிற்று என்பது வெளிப்படும். ஸ்கோபசுக்குத் தெரியாத தமிழ்த் தடம் அது.

இங்கு ஒரு தடை எழும். செண்பகனூர்த் துறவியர் புகழுக்கு உழைத்தாரல்லர். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கச் செய்தார். அவர்தம் பணியைக் கணக்கெடுத்துப் பறைசாற்றல் அவர் நெறிக்கு மாறன்றோ என்பது. இத்தடையை யான் எளிதாகத் தள்ளேன். கொடுத்தவன் தன் கொடையை எண்ணாதிருத்தல் அறமே. ஆயின் வாங்கியவனும் எண்ணாதிருத்தல் அறமாமோ? அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் வேறு. நூல்நிலையம் எழுதி வைப்பது கொடுத்தவனின் புகழ்ப்பத்திரம் அன்று, வாங்கியவனின் கடன்சீட்டு. அன்றியும், மேற்சொன்ன மூன்று பகுதித் தாவர நூலைப் போன்றவை பணமும் இடமும் ஆளும் இன்றி எழா. அடுத்த நூலுக்குப் பணம் கேட்கச் செல்வார் கையில் முந்திய நூலின் பயனைக் காட்டும் தாளொன்று இல்லையேல், அப்பணி நின்று போகும்; உலர்தாள்களைப் பூச்சி அரிக்கும். அடக்கத்தின் பெயரால் அதனைப் பார்த்துக்கொண்டிருக்க இயலுமோ?

நூலகர்க்கு ஆள் போதாது, பொழுது போதாது என்பது மற்றொரு தடை. அஃது உண்மை. பல கலாசாலைகளில் ஒருவரே நூல் கொடுத்து, வாங்கி, ஒட்டி, கணக்கெழுதி, பரீட்சைக் காலத்து மாணாக்கர் கூச்சலையும் அடக்கி வருகின்றார். அவர் தலையில் இதனையும் ஏற்றுதல் முறையன்று. தமிழ் ஆனர்ஸ் மாணாக்கராகிய யாம் அவர்க்குத் துணை நிற்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் 1902-ஆம் ஆண்டிற் றொடங்கிய 'செந்தமிழ்' பத்திரிகையின் பழைய தொகுதிகளை எண்ணி எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருவர் ஒரு தொகுதியாக, எந்தக் கட்டுரை எந்நூலை எப்பக்கத்திற் சுட்டுகின்றது என்று அட்டையில் எழுதி வரலாம். பெயர் தமிழிலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஆங்கில வடிவங்களைக் குறிக்கலாம். ஒரு வகுப்பிற் பதினைவர் இருப்பின், மூன்றாண்டில் ஒவ்வொருவரும் மூன்று தொகுதி. ஆக நாற்பத்தைந்து தொகுதிகள். வேனில் விடுமுறையிற் செண்பகனூர் செல்வார்க்கு வேறொரு வேலையும் உண்டு: 1928-ஆம் ஆண்டுக் கற்றிட்டை நூலை எடுத்தாண்ட தமிழ் நூல்கள் எவை என்று அங்குள்ள நூற்பேழைகளிலே தேடி, கண்டவற்றை முதல் அட்டையில் எழுதி வருதல்.